நிலத்தின் கீழுள்ளது யாருக்குரியது?

காணி ஒருவனுக்குச் சொந்தம் என்று கூறும்போது, அந்தச் சொந்தம் எவ்வளவு ஆழம் வரை செல்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விசுவமடுவில் ஓர் உழவன் தன் தோட்டத்தில் கிணறு வெட்டினால், வெட்டிய மண்ணும் ஊறிய நீரும் அவனுடையவை என்றே அவனும் அயலவரும் கருதுவர். ஆனால் அதே குழியில் விலைமதிப்புள்ள கனிப்பொருள் தென்படுமாயின் நிலைமை மாறிவிடும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி, நிலம் எவருடையதாயினும் அதன் கனிப்பொருள்கள் குடியரசுக்கே உரியவை. அவற்றைத் தேடவும் அகழவும் உரிமம் வழங்கும் அதிகாரம் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திடம் இருக்கிறது. இந்த ஏற்பாடு நீதியானதா என்பதே நம் முன்னுள்ள வினா.

'இல்லை' என்று அவசரப்பட்டு விடை கூறிவிட முடியாது. இயற்கை கோடானுகோடி ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த செல்வம், தற்செயலாக மேலே காணி வைத்திருப்பவனின் தனிச் சொத்தாகிவிடக் கூடாது; சமுதாயம் முழுவதற்கும் அது பயன்பட வேண்டும் என்பது முற்போக்காளர் நெடுங்காலமாகப் போற்றி வந்த கொள்கையாகும். கலைத் திறனாய்வாளராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக இருந்தவர். தோரியனைற்று என்னும் கனிமத்தைக் கண்டெடுத்தவர். பின்னர் 1957இல் புல்மோட்டைக் கனிய மணலுக்கென அரசுக் கூட்டுத்தாபனம் அமைந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று 2022 ஏப்ரலில் அறிவித்த ஒரு நாடு, தன் மண்ணிலுள்ள செல்வத்தை நாடுவதில் வியப்புமில்லை.

ஆயினும் கொள்கையை அனுபவத்தில் உரைத்துப் பார்த்தாக வேண்டும். புல்மோட்டை மணலில் இல்மனைற்றும் ரூற்றைலும் சேர்க்கனும் செறிந்துள்ளன. இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே வண்ணப்பூச்சுக்கும் தாளுக்கும் பற்பசைக்கும் வெண்மை தருவது. அந்த வெண்பொடியை ஆக்கும் தொழிற்சாலை இங்கு எழவில்லை. பல பத்தாண்டுகளாகப் பிரித்தெடுத்த மணலே கப்பலேறிச் சென்றது. ஆக்கிய பொருளை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். குடியரசுக்கு உரியது என்னும் சொல்லுக்கும் மக்களுக்கு உரியது என்னும் சொல்லுக்கும் இடையே எத்துணைத் தூரம் இருக்க முடியும் என்பதை இந்தக் கப்பல்கள் காட்டுகின்றன.

புல்மோட்டைக்கு வடக்கே, முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்கிளாய்க் கரையிலும் அத்தகைய மணல் உண்டு. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் 1984 இறுதியில் துரத்தப்பட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஏதிலிகளாக அலைந்தனர். போர் முடிந்து திரும்பிய அவர்களிடம் அவர்கள் கரையைக் கனிய மணலுக்காகக் கேட்பது, வெறும் காணிக் கணக்கன்று. மன்னார்த் தீவிலோ டைட்டேனியம் சாண்ட்ஸ் என்னும் அவுஸ்திரேலிய நிறுவனம் தேடல் உரிமங்கள் பெற்று மணலைத் துளையிட்டு ஆராய்ந்தது. கடல் மட்டத்துக்குச் சிறிதே உயர்ந்து நிற்கும் அத்தீவில், குடிக்கும் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மணல் போனால் கிணறு என்னாகும் என்று மக்கள் கேட்டனர். 2025இல் காற்றாலைத் திட்டத்தோடு கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து அவர்கள் நாட்கணக்காகத் தெருவில் நின்றனர்.

தேடுவதனால் என்ன தீங்கு, அகழ்வு தொடங்கும்போதல்லவா எதிர்ப்பு வேண்டும் என்று சிலர் வினவலாம். விசுவமடு மண்ணே இதற்கு விடை தரும். 1960களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தின்கீழ் இங்கு வந்தோர் காடு வெட்டினர், நீரைத் தேடினர், மிளகாயும் வெங்காயமும் விளைவித்தனர். 2009 சனவரியில் ஊரே வெறிதாயிற்று. போரின் பின், மக்கள் திரும்புமுன் கண்ணிவெடி அகற்றுவோர் கருவிகளுடன் வன்னி நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினர். நீரைத் தேடியதும் வெடியைத் தேடியதும் அம்மண்ணில் வாழ்வோர் பொருட்டு. அயலிலுள்ள கல்லாற்றுப் பக்கம் களவாக மணல் தேடி வரும் டிப்பர்களோ வாழ்வோரைக் கணக்கிலெடுப்பதில்லை. அவற்றை ஓட்டுவோர் நம் ஊர் இளைஞராகவே இருந்தாலும், வேலையற்ற வயிறு அவர்களை ஓட்டுகிறது என்பதை நாம் அறிந்திருந்தாலும், தாழும் கிணற்று நீர் அதனால் உயர்ந்துவிடாது.

ஆகவே தேடல் யாவும் ஒரு தன்மையன அல்ல. யார் பொருட்டுத் தேடப்படுகிறது என்பதே அதன் அறத்தைத் தீர்மானிக்கிறது. நிறுவனம் ஒரு நிலத்தைத் துளையிட்டு இத்தனை தொன் இருக்கிறதென்று அறிவித்த கணமே அந்நிலத்துக்கு வேறொரு விலை எழுதப்பட்டுவிடுகிறது. அதன் பின்னர் அங்குள்ள பனையும் வலையும் வயலும் அந்த விலைக்குக் குறுக்கே நிற்கும் தடைகளாகவே பங்குதாரர் கண்ணுக்குப் படும். அகழ்வு வரும்வரை காத்திருந்து மறுப்பவன், ஏற்கெனவே பாதி முடிந்த பேரத்தின் நடுவில் வாய் திறக்கிறான். எனவே ஒப்புதல் கேட்க வேண்டிய இடம் முதல் துளைக்கு முன்னரே இருக்கிறது.

இது நடவாத காரியமென்று எவரும் கூற வேண்டாம். 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் கனிமத்துக்கான தொகுதியை ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் பெற்றது. தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர் அது. உழவர் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கி நடந்தனர். சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் ஏலம் இரத்தாயிற்று. ஆனால் முன்னரே கேட்டிருந்தால் அந்த நடை தேவைப்பட்டிராது.

நாடு முழுவதற்கும் வேண்டியதை ஒரு சிற்றூர் மறுக்கலாமா? கடினமான வினாதான். இரும்பும் செம்பும் இல்லாத வாழ்வை நாம் விரும்பவில்லை. உழவனின் மண்வெட்டியும் நிலத்தடியிலிருந்து வந்ததே. ஆனால் நாட்டின் தேவை உண்மையானதாயின், அதை அவ்வூரின் மொழியில், அவ்வூரின் முற்றத்தில் நின்று விளக்க முடியும்: எவ்வளவு எடுக்கப்படும், நிலத்தடி நீர் என்னாகும், இலாபத்தில் ஊருக்கு எத்தனை பங்கு, குழியை மூடுபவர் யார் என்று. இவற்றுக்கு விடை கூற மறுக்கும் திட்டம், நாட்டின் பெயரால் வேறு யாருக்கோ ஆக்கப்பட்ட திட்டம் என்று ஐயுற நமக்கு உரிமை உண்டு.

ஆசிரியர்களே, மாணவர்களே! புவியியல் பாடத்தில் கனிப்பொருள் வரைபடத்தைக் கரும்பலகையில் வரையும்போது, ஒவ்வொரு புள்ளியின் மேலும் குடியிருப்போர் யாரென்பதையும் எழுதிக் காட்டுங்கள். அளவைக் கருவியுடன் ஊருக்குள் வாகனம் வரும் நாளில், எதைத் தேடுகிறீர்கள், யாருக்காகத் தேடுகிறீர்கள் என்று முதலில் கேட்பவர்கள் நீங்களாக இருக்கட்டும்.