யார் தலையில் விழும்?

அமெரிக்காவில் 115 கிலோவுக்குள் ஒரு விமானத்தைச் செய்துகொள்ளவோ வாங்கவோ முடிந்தால், அதை ஓட்ட உரிமம் வேண்டாம். மருத்துவச் சான்று வேண்டாம். பதிவு செய்து எண் வாங்க வேண்டாம். பறக்கத் தெரியுமா என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். வயது வரம்பும் இல்லை. கார் ஓட்ட அனுமதி இல்லாத 14 வயதுப் பையன் அதில் ஏறிப் பறந்தாலும் விமானச் சட்டம் அவனைத் தடுக்காது. ஒரு பாகத்தை மாற்றினாலும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லும் துறை இது. இங்கே இப்படியொரு திறந்த கதவு எப்படி வந்தது?

1970-களில் குன்றுகளின் மேலிருந்து ஹேங் கிளைடரோடு குதித்துப் பறப்பது அங்கே பெரிய மோகமாக இருந்தது. சமவெளியில் இருப்பவர்கள் குன்றுக்கு எங்கே போவார்கள்? விஸ்கான்சின் மாநிலத்து ஜான் மூடி ஒரு ஹேங் கிளைடரில் சின்ன எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். 1976-ல் ஆஷ்காஷ் நகரில் நடந்த விமானத் திருவிழாவில், அதை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடி, ஓட்டத்திலேயே மேலே கிளம்பிக் காட்டினார். காலால் ஓடிக் கிளம்புகிறவரை அது ஹேங் கிளைடர்தானே என்று அதிகாரிகளும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அப்புறம் அதற்குச் சக்கரம் முளைத்தது, இருக்கை வந்தது, எஞ்சின் பெருத்தது. இனியும் பார்க்காததுபோல் இருக்க முடியாது என்ற நிலையில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1982-ல் 103-ஆம் பிரிவு என்ற விதியைக் கொண்டுவந்தது. சில பக்கங்களில் முடிந்துவிடும் விதி அது.

வெற்று எடை 254 பவுண்டுக்குக் கீழ், அதாவது சுமார் 115 கிலோ. எரிபொருள் 5 கேலன், நம் கணக்கில் 19 லிட்டர். முழு விசையில் மட்டமாகப் பறக்கும்போது வேகம் மணிக்கு 102 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். அதை ஸ்டால் என்பார்கள். அந்த வேகம் 44 கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஓர் இருக்கை. இப்படிப்பட்டதற்குத்தான் அல்ட்ராலைட் என்று பெயர்.

இந்த எண்கள் ஏதோ அதிகாரி மனம்போன போக்கில் எழுதியவை என்று முதலில் தோன்றலாம். விதி எதைத் தடுக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தால் விஷயம் பிடிபடும். குடியிருப்புகள் நெருங்கிய பகுதிக்கு மேல் பறக்கக் கூடாது. இருட்டில் கூடாது. மேகத்துக்குள் நுழையக் கூடாது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் முன் அனுமதியில்லாமல் போகக் கூடாது. பிறருக்கோ பிறர் சொத்துக்கோ ஆபத்து உண்டாக்கும்படி ஓட்டக் கூடாது. ஓட்டுகிறவன் உயிரோடு திரும்புவதைப் பற்றி இந்தத் தடைகள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. விழுந்தால் யார் தலையில் விழும் என்பதுதான் அவற்றின் கவலை. ஓட்டுபவரையும் சேர்த்து 200 கிலோ சொச்சம் எடையுள்ள அல்ட்ராலைட், நூறு கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் வரும் ஆற்றலைவிட, நான்கு பேர் அமரும் செஸ்னா 172 தன் வழக்கமான வேகத்தில் மோதினால் வருவது இருபது மடங்குக்கும் அதிகம். ஆளில்லா வயலில், பகல் வெளிச்சத்தில், தனியாக ஒருவர் தம் எலும்பைப் பணயம் வைத்தால், அது அவருடைய உரிமை என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. இதை நான் நியாயமான பங்கீடு என்றே நினைக்கிறேன்.

ஆனால் எண்ணை வைத்துக் கோடு போட்டால், அந்த எண்ணுக்குள் அடங்குவதற்காக மனிதர்கள் எதை வேண்டுமானாலும் வெட்டுவார்கள். நான்கு வீச்சு எஞ்சின் கனமானது. ஆகவே அல்ட்ராலைட்டில் பெரும்பாலும் இரு வீச்சு எஞ்சின்தான். அது லேசு, சக்தியும் உண்டு, ஆனால் திடீரென்று நின்றுவிடும் குணம் உள்ளது. ரோட்டாக்ஸ் நிறுவனமே தன் இரு வீச்சு எஞ்சின்களின் கையேட்டில் இதை ஒளிவுமறைவில்லாமல் எச்சரித்திருக்கிறது. அதனால்தான் இந்த வட்டாரத்தில் பழகியவர்கள், எஞ்சின் எந்த நொடியும் நிற்கும் என்று வைத்துக்கொண்டு, இறங்க ஒரு வயல் எப்போதும் எட்டும் தொலைவில் இருக்கும்படியே பறக்கிறார்கள்.

இதே விதிக்குள் சாமர்த்தியமான ஓர் ஏற்பாடும் இருக்கிறது. உயிராபத்தின்போது விரியும் பாதுகாப்புச் சாதனங்களை எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ராக்கெட் இழுத்து விரிக்க, ஆளோடு மொத்த விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட்டுக்கு 24 பவுண்டு, அதாவது 11 கிலோ வரை விலக்கு. மாட்டியே ஆக வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. மாட்டினால் எடையில் நஷ்டமில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது விதி. கட்டாயப்படுத்துவதைவிட இது நல்ல வழி.

ஒற்றை இருக்கை விஷயத்தில்தான் விதி தடுமாறியது. இருக்கை ஒன்றுதான் என்றால் கற்றுக்கொடுப்பவர் எங்கே உட்காருவார்? கற்றுக்கொள்பவரின் முதல் பறப்பே தனிப் பறப்பாகிவிடும். எனவே பயிற்சிக்கு மட்டும் இரட்டை இருக்கை வைத்துக்கொள்ளச் சில அமைப்புகள் மூலம் விலக்கு கொடுத்தார்கள். பயிற்சி என்ற பெயரில் உல்லாசச் சவாரியும் நடந்தது. எடை கூடிப் பெருத்தவையும் அல்ட்ராலைட் என்றே பறந்தன. பதிவே இல்லாத ஒன்றை யார் தராசில் ஏற்றப் போகிறார்கள்? 2008 ஜனவரியோடு விலக்கு முடிந்தது. இரட்டை இருக்கைக்காரர்கள் விமானத்தைப் பதிவு செய்து, உரிமம் பெற்ற பயிற்சியாளராக வேண்டும் என்றானது. தனியாகப் பறப்பவருக்கு இன்றும் பயிற்சி கட்டாயமில்லை. தாமாகவே பயிற்சி தேடுபவர்தான் அலைய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது இருக்கை வந்ததும் சுதந்திரத்தின் கணக்கே மாறிவிடுகிறது. அதில் உட்காருபவர் சம்மதித்தாரா? வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டி, இன்னொருவரையும் ஏற்றிக்கொள்ளும் விமானத்துக்கு அமெரிக்கா சொன்ன பதில், ஓர் அறிவிப்புப் பலகை. இந்த விமானம் வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளின்படி அமைந்ததல்ல என்று உள்ளே எழுதி ஒட்ட வேண்டும். ஏறும் இடத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். படித்துவிட்டு ஏறுங்கள், அவ்வளவுதான். வளர்ந்தவர்களுக்கு இது போதும்.

குழந்தைக்குப் போதுமா? 1996 ஏப்ரலில் ஜெஸிகா டுப்ரோஃப் என்ற 7 வயதுச் சிறுமி, அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் சாதனைக்குப் புறப்பட்டாள். கூடத் தந்தையும் பயிற்சியாளரும். வையோமிங் மாநிலத்தில், 6,000 அடிக்கு மேல் உயரத்திலுள்ள ஷையன் நகரில், இடிமழை நெருங்கும் வேளையில், அளவுக்கு மீறிய எடையோடு விமானம் கிளம்பியது. மூவரும் இறந்தார்கள். பொறுப்பு விமானியான பயிற்சியாளர் கிளம்ப முடிவெடுத்ததே காரணம் என்றது விசாரணை. ஊடகங்கள் காத்திருக்க, பயணத் திட்டமும் நெருக்கியிருக்கிறது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: சாதனைக்காகவோ போட்டிக்காகவோ பறக்கும்போது உரிமமில்லாதவர் கையில் கட்டுப்பாட்டைக் கொடுக்கக் கூடாது. குழந்தைகளைப் பறக்கவிடவே கூடாது என்று கூச்சல் எழுந்த நேரத்தில், அவசரத்தை உண்டாக்கிய சாதனை வெறியை மட்டும் குறிவைத்த குறுகலான சட்டம் இது. கோபத்தில் பிறக்கும் சட்டங்களில் இந்த நிதானம் அபூர்வம்.

இந்த நிதானம் எல்லா இடத்திலும் கைகூடவில்லை. 2004-ல் ‘ஸ்போர்ட் பைலட்’ என்ற இடைநிலை உரிமம் வந்தது. ஓட்டுநர் உரிமம் இருந்தால் மருத்துவச் சான்று வேண்டாம். ஆனால் விமானம், கிளம்பும்போது எல்லாம் சேர்த்து 600 கிலோவுக்குள் இருக்க வேண்டியிருந்தது. இந்தக் கோட்டுக்குள் 1930-களின் பைப்பர் கப் அடங்கியது. பயிற்சிப் பள்ளிகளில் தலைமுறைகளைப் பழக்கிய செஸ்னா 150, சுமார் 726 கிலோ என்பதால் அடங்கவில்லை. கப்பின் மூன்றாம் சக்கரம் வாலில் இருக்கிறது. இறங்கி ஓடும்போது கால் கொஞ்சம் அசந்தாலும் சுழன்று திரும்பிவிடும். கிரவுண்ட் லூப் என்று விமானிகள் அஞ்சுவது இதைத்தான். செஸ்னாவுக்கு மூக்குச் சக்கரம், தானாகவே நேராக ஓடும். ஆக, ஓட்டக் கடினமானது அனுமதிக்கப்பட்டது, எளிதானது தடுக்கப்பட்டது. பாதுகாப்பை எடையால் அளந்ததன் பலன் இது. 2025 ஜூலையில் வெளியான புதிய விதி எடையைத் தூக்கிவிட்டு, ஸ்டால் வேகத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. மெதுவாக இறங்கும் விமானம் மெதுவாகவே மோதும் என்பதால் இது பொருத்தமான அளவுகோல். இப்போது ஸ்போர்ட் பைலட் நான்கு இருக்கை செஸ்னாவையும் ஓட்டலாம், ஆனால் ஒரே ஒரு பயணிதான். அந்தக் கட்டுப்பாட்டில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

ஆட்சேபம் மருத்துவ விதியில்தான். மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பிக்காமலே இருப்பவர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பறக்கலாம். நேர்மையாக விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர், அதே இதயத்தோடும் அதே உரிமத்தோடும் பறக்க முடியாது. உடம்பில் சந்தேகம் உள்ளவர் சோதனைக்குப் போகாமல் இருப்பதே லாபம் என்று விதியே சொல்லிக்கொடுக்கிறது. 2017-ல், முன்பு சான்று வைத்திருந்தவர்கள் நான்காண்டுக்கு ஒருமுறை சாதாரண மருத்துவரிடமே காட்டிக்கொள்ளலாம் என்று ‘பேஸிக்மெட்’ முறை வந்ததும் பலருக்கு மூச்சு வந்தது. ஆனால் மறுக்கப்பட்டவருக்கான தடை 2025 விதியிலும் அப்படியே தொடர்கிறது. அதனால் அனுபவமுள்ள விமானிகள், விண்ணப்பத்தை இணையத்தில் பதிவதற்கு முன்பே விமான மருத்துவரைத் தனியாகப் பார்த்து, தேறுவேனா மாட்டேனா என்று கேட்டுக்கொள்கிறார்கள். மாட்டீர்கள் என்றால் விண்ணப்பமே போடுவதில்லை.