அரசனும் வினைப்பயனும்: திருப்படித்தானம் குறித்து ஒரு சிந்தனை

ஒருவன் செய்த வினையை மற்றொருவர் மீது ஏற்றிவைத்தல் கூடுமா? ஏற்பவர் தெய்வமேயாயினும், செய்தவன் அவ்வினையினின்றும் விடுபடுவானா? இவ்வினா நம் ஒவ்வொருவர் வாழ்விலும் சிறிய அளவில் எழுவதே. ஆயினும், ஓர் அரசே இதன்மேல் நிறுவப்பெற்ற வரலாறு நமக்கு மிக அண்மையில் உள்ளது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் 1750ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த செயலொன்றைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அன்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் உடைவாளைத் தெய்வத்தின் திருமுன் வைத்து, நாடு முழுவதையும் பத்மநாபருக்கே உரிமையாக்கிச் சாசனம் எழுதிக்கொடுத்தார். பின்னர் அதே வாளைத் தெய்வத்தினிடமிருந்து பெற்றவராய், பத்மநாபதாசர் என்னும் பெயர் தாங்கி நாட்டை ஆண்டார். இதுவே திருப்படித்தானம் எனப்படுவது. அவர்க்குப் பின் வந்த மன்னர்களும் அப்பெயரையே தாங்கினர்.

இத்தானத்தின் தன்மையை அறியவேண்டுமாயின் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளை நோக்குதல் வேண்டும். 1729இல் மார்த்தாண்ட வர்மா, மருமக்கள் வழி முறைப்படி, தம் மாமனாகிய இராம வர்மாவுக்குப் பின் பட்டமெய்தினார். அக்காலத்தில் வேணாடு சிறிய நாடு. அரசரது அதிகாரமோ அதனினும் சிறியது. கோயிலையும் அதன் நிலங்களையும் எட்டரை யோகம் என்னும் சபை ஆண்டுவந்தது. அச்சபையில் அரசருக்கு இருந்தது அரை வாக்கே என்பர். எட்டு வீட்டுப் பிள்ளைமாரோ தத்தம் பகுதிகளில் அரசருக்கு ஒப்பாக விளங்கினர். இளவரசராயிருந்த காலத்துப் பகைவருக்கு அஞ்சி அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது மக்கள் வழக்கு.

அரை வாக்கினர் முழு வாக்கினரானது எவ்வாறு? முன்னரசரின் புதல்வர்களான தம்பிமார் இருவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கதை நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இன்றும் வாழ்கின்றது. பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன என்றும், குற்றம் யாதுமறியாத அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளைப் போல் பிறரிடம் ஒப்புவிக்கப்பட்டனர் என்றும் வரலாறு கூறும். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர் தோற்றனர். சிறைப்பட்ட டி லனாய் என்பார் பின்னர் மன்னரின் படைக்குப் பயிற்சியளிக்கும் தலைவரானார். 1746இல் காயங்குளமும் அம்பலப்புழையும் வீழ்ந்தன. தெக்கும்கூரும் வடக்கும்கூரும் அவ்வழியே சென்றன. மிளகு வாணிகம் அரசின் தனியுரிமை ஆயிற்று. இவையெல்லாம் முடிந்த பின்னரே வாள் தெய்வத்தின் முன் வைக்கப்பட்டது.

மன்னரின் பக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. சிறு தலைவர்களின் ஓயாப் பூசலால் குடிகள் நலிந்திருந்தனர் என்பது உண்மை. தளவாய் இராமய்யனைக் கொண்டு வரிக்கணக்கும் நிலக்கணக்கும் ஒழுங்குபெற்றன. ஐரோப்பிய வாணிகக் கம்பெனி ஒன்றினைப் போரில் முறியடித்ததும் சிறு செயலன்று. ஆனால் நமது வினா அவர் திறமையைப் பற்றியதன்று. திறமை ஒன்று, வினை மற்றொன்று. விளைந்த நன்மையைக் காட்டி, செய்த கொலையை இல்லையென்று சொல்லுதல் இயலாது.

இனித் தானத்தை நோக்குவோம். தானம் தானமாவதற்கு இரண்டு வேண்டும். கொடுக்கும் பொருள் கொடுப்பவனுடையதாக இருத்தல் வேண்டும். கொடுத்தபின் அஃது அவன் கையை விட்டு நீங்குதல் வேண்டும். நாம் நாள்தோறும் ஓதும் ஐந்து சீலங்களுள் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடாமை. காயங்குளத்தை எவரும் மன்னருக்குக் கொடுக்கவில்லை, அவர் எடுத்துக்கொண்டார். கொடாததை எடுத்தவன் அதனைத் தெய்வத்துக்கே கொடுப்பினும், எடுத்த செயல் எடுத்த செயலே. அன்றியும், கொடுத்த பின்னர் வாள் எவர் கையில் இருந்தது? வரியை விதித்தவர் எவர்? தண்டனை அளித்தவர் எவர்? யாவும் முன்போலவே நடந்தன. மாறியது ஒன்றே: அதுவரை அரசரை எதிர்த்தவன் அரசத் துரோகி, அன்று முதல் அவன் சுவாமித் துரோகியும் ஆயினான். பழைய எசமானிடம் மனம் வைத்திருந்த புதிய நாடுகளின் குடிகளுக்கு இனி வாய் திறத்தலும் பாவம் ஆயிற்று.

“தாசன் என்று தம்மை அழைத்துக்கொண்டது பணிவன்றோ?” என்று சிலர் வினவக்கூடும். பணிவாக இருக்கலாம், மன்னரின் உள்ளத்தைப் பார்க்க நம்மால் இயலாது. ஆனால் தாசன் என்பதன் பொருள், எசமான் கேட்கும்போது கணக்குக் காட்டவேண்டியவன் என்பதே. ஈண்டு எசமான் வாய் திறந்து கணக்குக் கேட்பவரல்லர். அவர் சார்பில் பேசுபவரும் தாசரே. தானே வினவித் தானே விடையளிக்கும் தாசனுக்கு எசமானால் ஆகும் குறை யாது?

நமது நூல்கள் பரம்பரை அரசர்களை அறியாதவை அல்ல. மகத நாட்டு அஜாதசத்துரு, தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரியணை ஏறியவன். ஒரு முழுநிலா இரவில் ஜீவகனுடன் மாந்தோப்பில் பகவரைக் காணச் சென்றபோது, அத்தனை பிக்குகள் கூடிய இடத்தில் ஓசை ஒன்றும் இல்லாமை கண்டு, தன்னைப் பகைவரிடம் காட்டிக் கொடுக்கவே அழைத்துவந்தனரோ என்று நடுங்கினான் என்று சாமஞ்ஞபல சூத்திரம் கூறும். ஒரு நாட்டையே நடுங்கவைத்தவன் மௌனத்துக்கு அஞ்சினான்! அறம் கேட்டபின் தன் குற்றத்தைத் தன் வாயால் ஒப்புக்கொண்டான். பகவர் அதனை ஏற்றார். குற்றத்தைக் குற்றமென்று கண்டு திருந்துதல் வளர்ச்சியே என்றார். ஆயினும் அவன் சென்றபின், தந்தையைக் கொல்லாதிருந்தால் இவ்விருக்கையிலேயே அவனுக்கு அறக்கண் திறந்திருக்கும் என்று பிக்குகளிடம் கூறினார். ஒப்புக்கொண்டதற்கு மதிப்பு உண்டு. செய்ததற்குப் பயனும் உண்டு. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

அசோகரும் பரம்பரை அரசரே, தனியதிகாரம் உடையவரே. கலிங்கத்தை அவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர் என்று தம் செயலின் எண்ணிக்கையைத் தாமே பொறித்து வருந்தினார். ஒருவர் வினையைக் கல்லில் எழுதித் தம்முடையது என்றார். மற்றவரோ வினையால் பெற்ற நாட்டைக் கல் மண்டபத்தில் வைத்து, என்னுடையதன்று என்றார். திருந்துவதற்குரிய வாயில் இவற்றுள் எதில் திறந்திருக்கின்றது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வேறுபாட்டின் பயனை அனுபவித்தவர் குடிகள். நாட்டுக்கு உடையவர் என்று 1750இல் எவர் அறிவிக்கப்பட்டாரோ, அவர் வாயிலில் அந்நாட்டு நிலத்தை உழுது நெல் விளைத்த பெருந்தொகையினர் கால்வைக்கக் கூடாதிருந்தது. ஆறாண்டுக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் முறைஜபமும், அதன் முடிவில் லட்சதீபமும் நடைபெற்றன; உழுதவர் அவ்விளக்கொளியைத் தொலைவில் நின்றே கண்டனர். அடிமை முறை ஒழிந்தது 1855இல். கோயிற்கதவு திறந்தது, சித்திரைத் திருநாள் மன்னரின் 1936 நவம்பர் 12ஆம் நாள் அறிக்கையால். இடையில் சென்றவை நூற்று எண்பத்தாறு ஆண்டுகள். ஒரு கையெழுத்தால் திறக்கக்கூடிய கதவு அத்தனை காலம் மூடிக் கிடந்ததற்குப் பொறுப்பாளி எவர்? ஆண்டவரைக் கேட்டால் உடையவரைக் காட்டுவார், உடையவரோ பேசமாட்டார்.

முடியாட்சி சென்றது, 1949இல் திருவிதாங்கூர் கொச்சியுடன் இணைந்தது, 1956இல் கேரளம் பிறந்தது. எனினும் இவ்வினா பழங்கதை ஆகிவிடவில்லை. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பெயரன் என ஆளும் வடகொரியாவில் அவ்வாட்சி மக்களின் பெயராலேயே நடைபெறுகின்றது. தெய்வம் இருந்த இடத்தில் மக்கள் என்னும் சொல் வைக்கப்பட்டிருக்கிறது. வாள் இருக்கும் கை மாறவில்லை. முதல் அரசனை மக்கள் தாமே கூடித் தேர்ந்தெடுத்தனர், ஆதலின் அவன் மகாசம்மதன் எனப்பட்டான் என்று அக்கஞ்ஞ சூத்திரம் உரைப்பது இங்கு நினைக்கத்தக்கது. தேர்ந்தெடுத்தவர் கேள்வி கேட்கலாம் என்பதே அப்பெயரின் உட்பொருள்.

அரசரைப் பற்றிப் பேசுதல் எளிது. வீட்டுத் தலைவர், சங்கத் தலைவர், அலுவலர் என நம்மிடமும் சிறு சிறு வாள்கள் உள்ளன. “சாத்திரம் சொல்கிறது, குடும்ப மானம் கேட்கிறது, மேலிடத்து உத்தரவு” என்று நாமும் அவற்றை ஒரு படியில் வைத்து மீண்டும் எடுத்துக்கொள்கின்றோம். வினைக்கு உரியவர், அதன் பயனுக்கு வாரிசாவார் அதனைச் செய்தவரே என்பது பகவரின் போதனை. நம் கையால் ஆவது எதுவாயினும், இது நான் செய்தது என்று சொல்லும் துணிவை முதற்கண் பெறுவோமாக.