எந்தப் பள்ளத்தாக்கை நேசிக்கிறோம்?

சொந்த மலையின் அழகு குறைந்துகொண்டே வருகிறதே என்று வருந்தாத நீலகிரிக்காரர் இருக்க முடியாது. கேத்திப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற படிக்கட்டு வயல்களுக்கு நடுவே வர்ணம் அடித்த கான்கிரீட் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தேயிலைச் சரிவைப் பிளந்து, செம்மண் தெரிய, ரோடு போடுகிறார்கள். ரோடு முடிகிற இடத்தில் ஒரு காட்டேஜ் எழும்புகிறது. இந்த வருத்தம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். நாம் இழந்துவிட்டதாகச் சொல்லும் பள்ளத்தாக்கு பெரும்பாலும் நம் பத்து வயதில் இருந்த பள்ளத்தாக்கு. கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) வாசனை, தேயிலையின் சீரான பச்சை, மூடுபனிக்குள் மலை ரயிலின் கூவல் என்றுதான் ஏக்கத்தோடு சொல்லத் தொடங்குகிறோம். இவற்றில் மூடுபனி மட்டுமே இந்த மலைக்குச் சொந்தம். மற்றவை எல்லாம் வந்து சேர்ந்தவை. அவற்றில் மரமும் தேயிலையும் வந்தபோது அவற்றுக்கு இடம் விட்டு அழிந்தது இன்னொரு அழகு.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்தபோது மேல் நீலகிரியின் பெரும்பகுதி புல்வெளி. மலை மடிப்புகளில், நீர் கசியும் இடங்களில் மட்டும் சோலைக்காடு திட்டுத் திட்டாக ஒடுங்கி நின்றது. சோலைக்குள் மரங்கள் உயரமாக வளர்வதில்லை. முறுக்கிய கிளைகளில் பாசியும் ஆர்க்கிட்டும் அப்பியிருக்கும். தரையில் கால் வைத்தால் மட்கிய இலைகள் அமுங்கி ஈரம் கசியும். சோலையின் விளிம்பைத் தாண்டினால் சட்டென்று திறந்த புல்வெளி, அங்கங்கே தனியாக ஒரு ரோடோடென்ட்ரான் மரம், தடித்த பட்டையால் தீயைத் தாங்கி, குளிர்காலத்தில் ரத்தச் சிவப்பாகப் பூத்து நிற்கும். திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரங்களின் கன்றுகளைக் கொன்றுவிடுவதால்தான் புல் புல்லாகவும் சோலை சோலையாகவும் நிலைத்திருந்தன என்று சூழலியலாளர்கள் விளக்குகிறார்கள். வந்த ஆங்கிலேயருக்கு விறகு வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் (வாட்டில்) வந்தன. மரமில்லாத நிலம் வீணாகக் கிடக்கும் நிலம் என்ற அவர்களின் எண்ணத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை, சிறுமுகை ஆலையில் செயற்கைப் பட்டு நூலுக்கு மரக்கூழ் என்று ஒவ்வொரு தேவைக்கும் புல்வெளிதான் பலியானது. இதே போன்ற பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் காட்டுகிறது. போன இடத்தில் நிற்பதும் பச்சைதான். அதனால் இந்த இழப்பு யார் கண்ணையும் உறுத்தவில்லை.

சொந்த நினைவை மட்டும் நம்பும் பாசத்தின் குறை இதுதான். தாத்தா இழந்தது என்ன என்று பேரனுக்குத் தெரியாது. தான் பிறந்தபோது எஞ்சியிருந்ததை முழுமை என்று எண்ணி, அதிலிருந்து குறைந்ததை மட்டுமே அவன் கணக்கு வைக்கிறான். தலைமுறைக்குத் தலைமுறை அளவுகோலே சுருங்கிப்போகிறது. நம் வாழ்நாளைவிடப் பழைய நினைவு ஒன்று இந்த மண்ணில் இன்னும் மிச்சமிருக்கிறது. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் எருமைக் கோயில்களுக்குக் கூரை வேய, சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்லைத் தேடிப்போகிறார்கள். கண்ட புல்லை வைத்து அந்தக் கூரையை வேய்ந்துவிட முடியாது. சதுப்புகளை வடித்துக் காய்கறி போட்ட இடங்களில் அந்தப் புல் இல்லை. பள்ளத்தாக்கு எதை இழந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதே அவர்களுக்குக் கணக்கு. மலையை நேசிக்கிறோம் என்று சொல்லும் நாம் அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு முதல் மறுப்பு தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும், அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்து இறங்கிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த மண் என்றால் தேயிலைச் சரிவும் லைன் வீடும்தான். சாமை விளைந்த நிலத்தைத் தேயிலைக்கு மாற்றிய படகக் குடும்பங்களுக்கும் அப்படியே. அவர்களுடைய பாசம் பொய்யா? இல்லவே இல்லை. பிழைக்க வந்த இடத்தில் வேர்விட்ட பாசத்துக்கு ஒரு கண்ணியம் உண்டு. எந்தச் சூழலியல் நியாயமும் அதை மிதிக்கக் கூடாது. தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புல் நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சியிருக்கிற புல்வெளியும் சதுப்பும் சோலையும் இனி எந்தப் பயிருக்கும் எந்த விடுதிக்கும் போகக் கூடாது என்று கேட்பதற்கு, தேயிலையை நேசிப்பது தடையில்லை.

அழகு சோறு போடுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மலையில் போடுகிறது. கிளென்மார்கனில், ஊட்டியைச் சேர்ந்த மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் நீரோட்டத்தை அளந்தார்கள். புல்வெளியில் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில், முதல் சுழற்சியில் ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் மீண்டும் தழைத்த இரண்டாம் சுழற்சியில் ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தது. பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரம் எடுப்பது இந்த ஓடைகளின் நீரில்தான். பவானிசாகரை நிரப்பிக் கோபிச்செட்டிபாளையத்து நெல்லுக்குப் போவதும் இந்த நீர்தான். கண்ணுக்கு வெறும் புல்லாகத் தெரிவது சமவெளி உழவனின் தண்ணீர்த் தொட்டி. மழைக்கால ஆபத்திலும் நிலத்தை நாம் மாற்றியதற்குப் பங்கு உண்டு. 2009 நவம்பரில் சரிந்த மலை நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிக் கொட்டினால் சோலைக்காடு இருக்கும் சரிவுகூடச் சரியலாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டி நிமிர்த்திய மண்சுவர்களும் அடைபட்ட ஓடைகளும் ஆபத்தைப் பெருக்குகின்றன, அவை மனிதர் செய்தவை.

இயற்கை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது, எந்த ஆண்டின் நீலகிரியைத் திரும்பக் கொண்டுவருவீர்கள் என்றும் கேட்கலாம். கூர்மையான கேள்விதான். சதுப்பு நிலங்களின் கரிம மண்ணை ஆராய்ந்து ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட முடிவின்படி, காலநிலைக்கேற்ப இந்த மலையின் தாவரங்கள் சுமார் 20,000 ஆண்டுகளாக மாறி மாறி வந்திருக்கின்றன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: புல்வெளி காட்டை அழித்ததால் உண்டானதல்ல, தொன்மையானது. அந்த மாற்றங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்தவை. வரையாடும் நீலகிரிச் சிரிப்பானும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் அந்த வேகத்துக்குப் பழகியவை. நாம் செய்த மாற்றத்துக்கு இருநூறு ஆண்டுகூடத் தேவைப்படவில்லை. இந்த வேகத்தைத் தணிக்கும் முயற்சி என்ற வகையில், சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ் நல்லதே. ஆனால் கூட்டத்தைக் குறைப்பதோடு கடமை முடிந்தது என்று உள்ளூர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. சதுப்பை வடிப்பதும் சரிவை விற்பதும் பெரும்பாலும் வெளியூர்க்காரர் தனியாகச் செய்யும் வேலையில்லை.

செய்ய வேண்டியது கடினமானது, பொறுமை கேட்பது. சீகையை வெட்டித் தள்ளினால் மட்டும் புல் திரும்பாது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெளிச்சம் பட்டதும் முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும். சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக எழுந்து வருகின்றன. அங்கே கோடரி வைப்பது தவறு. எந்தச் சரிவில் வெட்டுவது, எதில் விட்டுவைப்பது என்று இடத்துக்கு இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் நாற்றுகளைக் கையால் பிடுங்கி, ஊர்ப்புல்லை நட்டுக் காவல் காக்க வேண்டும். இது கூலி கொடுத்து நெடுங்காலம் நடத்த வேண்டிய வேலை. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்த பிறகு கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடி இறங்கிப்போன எத்தனையோ பேருக்கு இந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரியும். அந்த வேலைக்கு முதலில் கூப்பிட வேண்டியது அவர்களைத்தான்.