மூச்சு அடங்கினால் போதுமா?

கத்தோலிக்கர் யோகாசனம் செய்யலாமா என்ற வினா நமது பங்குகளில் அடிக்கடி எழுகின்றது. வைத்தியர் செய்யச் சொல்லிவிட்டார். அயல்வீட்டார் செய்து பயன் கண்டிருக்கின்றனர். 2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையும் யூன் 21ஆம் நாளை உலக யோகா தினமாக அறிவித்துவிட்டது. ஆயினும் மனத்தின் ஒரு மூலையில் ஐயம் உறுத்திக்கொண்டே இருக்கின்றது. இவ்வினாவுக்கு விடை கூறுதல் அத்துணை கடினமன்று. ஆனால், அதன் பின்னால் அதனினும் பெரிய வினா ஒன்று நிற்கின்றது. நெருக்கீட்டினின்று விடுபட்டு நாம் அடைய விரும்பும் அமைதி எதற்காக? அந்த அமைதியைக் கொண்டு நாம் என்ன செய்யப்போகின்றோம்?

நெருக்கீடு என்பது யாது?

1936ஆம் ஆண்டில், கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த ஹான்ஸ் செலியே என்னும் மருத்துவ அறிஞர் சிறியதொரு கட்டுரையை வெளியிட்டார். எலிகளைக் கடுங்குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுமீறி ஓடச் செய்தாலும், நச்சு மருந்து செலுத்தினாலும் அவற்றின் உடலில் ஒரேவிதமான மாற்றங்கள் தோன்றுவதை அவர் கண்டார். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் பெருத்தன. இரைப்பையில் புண் உண்டாயிற்று. துன்பங்கள் வெவ்வேறாயினும் உடல் தரும் மறுமொழி ஒன்றாகவே இருந்தது. அம்மறுமொழியை மூன்று படிகளாக அவர் வகுத்தார். முதலாவது, ஆபத்தை உணர்ந்து உடல் விழித்தெழுதல். இரண்டாவது, எதிர்த்து நிற்றல். மூன்றாவது, சோர்ந்து வீழ்தல்.

இவற்றுள் நாம் உற்றுநோக்க வேண்டியது இரண்டாம் படியாகும். இப்படியில் நிற்பவர் வெளித்தோற்றத்தில் நலமாகவே இருக்கின்றார். வேலைக்குப் போகின்றார், திருப்பலிக்கு வருகின்றார், சிரித்துப் பேசுகின்றார். "எதையும் தாங்கும் மனிதர்" என்று ஊரும் அவரைப் புகழ்கின்றது. உள்ளே கையிருப்புக் கரைந்துகொண்டிருப்பதை அவரும் அறியார். நள்ளிரவில் விழிப்பு வந்தால் பின்னர் உறக்கமில்லை. அடிக்கடி தலையிடி, கழுத்து விறைப்பு, வயிற்றெரிவு. பிள்ளையின் சிறு சத்தத்தையும் பொறுக்க முடியாமை. கையில் செபமாலை உருள, மனமோ கடன் கணக்கில் உருளுதல். மாலையானால் மதுவை நாடுதல். இவை யாவும் உடலும் உள்ளமும் நமக்கு எழுதும் கடிதங்கள். நம்மிற் பலர் அவற்றைப் பிரிக்காமலே வைத்துவிடுகின்றோம்.

அறிந்துகொள்வது கடமை

நெருக்கீடு பாவமன்று. பெரும் இறைவாக்கினராகிய எலியாவே அதற்குத் தப்பவில்லை. அரசியின் கொலை மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடிய அவர், ஒரு செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனிடம் கேட்டார் என்று அரசர் முதலாம் நூலின் 19ஆம் அதிகாரம் கூறுகின்றது. இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "உனக்கு விசுவாசம் போதாது" என்று பிரசங்கம் செய்யவுமில்லை. தூதரை அனுப்பி, சுட்ட அப்பமும் நீரும் கொடுத்து, உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். களைத்தவனுக்கு முதலில் தேவைப்படுவது அப்பமும் உறக்கமுமே என்பதை உடலைப் படைத்தவர் அறிவார்.

நெருக்கீடு பாவமன்று என்றோம். ஆனால், அதனைக் காண மறுப்பதற்கு ஒரு விலையுண்டு. அவ்விலையைப் பெரும்பாலும் நாம் செலுத்துவதில்லை; நம்முடன் வாழ்பவர்களே செலுத்துகின்றனர். கந்தோரில் மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சைக் கணவன் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின்மேல் இறக்குகின்றான். அவள் அதனை மூத்த மகள்மேல் இறக்குகின்றாள். மகள் தம்பியின்மேல் இறக்குகின்றாள். கடைசியில் அச்சுமை, எதிர்த்துப் பேச வாயில்லாத கடைக்குட்டியின் தலையில் வந்து நிற்கின்றது. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பத்து வயதுப் பிள்ளை உணவை வெறுத்து ஒதுக்கும்போது, அப்பிள்ளை சுமப்பது தன் பாடங்களை மட்டுந்தானா, அல்லது பெற்றோரின் அச்சத்தையுமா? ஆகவே, தன் நெருக்கீட்டைத் தான் அறிந்துகொள்ளுதல் உடல்நல விடயம் மட்டுமன்று. அது பிறரன்பின் கடமையுமாகும்.

யோகம் தரும் உதவி

இங்கேதான் நமது முன்னோர் கண்ட யோகமுறை கைகொடுக்கின்றது. இதயத்தின் துடிப்பையோ இரைப்பையின் வேலையையோ நினைத்த மாத்திரத்தில் நாம் மாற்றமுடியாது. மூச்சை மட்டும் மாற்றலாம். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சுவிடுகின்றார். அதனை ஆறு தடவையளவுக்குக் குறைத்து, உள்ளிழுப்பதைக் காட்டிலும் வெளிவிடுவதை நீட்டினால், சிறிது நேரத்தில் இதயத் துடிப்புத் தணிகின்றது. இறுகிய தசைகள் தளர்கின்றன. பாயில் மல்லாந்து படுத்து, கால் விரல் தொடங்கி நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்திவிடும் சவாசனமும் இதே பயனைத் தருகின்றது. இதற்குப் பணம் வேண்டாம். ஒரு பாயும் பத்து நிமிடமும் போதும்.

போரின் கொடுமைகளுக்குள் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மருந்துகளோடு மூச்சுப் பயிற்சியையும், உடல் தளர்த்தலையும், அவரவர் சமயத்துக்குரிய மந்திரத்தை அல்லது செபத்தை மெதுவாக மீண்டும் மீண்டும் சொல்லுதலையும் நம் மக்களுக்குப் பயன்படுத்தினார். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. வாழ்வே வெறுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமளவுக்கு மனம் தாழ்ந்தவருக்கு ஆசனம் மட்டும் மருந்தாகாது. அவரைத் தாமதமின்றி வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

திருச்சபை தடுக்கின்றதா?

இனி முதல் வினாவுக்கு வருவோம். 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை ஒதுக்கிவிடுவதில்லை என்று அறிவித்தது. அதற்கு முன்னரே, 1956இல், ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான டெஷானே என்பவர் யோகப் பயிற்சியைக் கிறிஸ்தவ செபத்துக்குத் துணையாகக் கொள்வது பற்றி நூல் எழுதினார். புனித இஞ்ஞாசியாரும் தமது ஆன்மீகப் பயிற்சிகளில், மூச்சுக்கு ஒரு சொல்லாகச் செபிக்கும் முறையொன்றைக் கற்பித்துள்ளார்.

1989ஆம் ஆண்டு ஒக்தோபர் 15ஆம் நாள், அப்போது கர்தினாலாக இருந்து பின்னர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் என்னும் பெயரில் பாப்பரசரானவரின் தலைமையில் இயங்கிய விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்குக் கடிதம் எழுதியது. கீழைத்தேய முறைகளிலிருந்து பயனுள்ளவற்றை ஏற்கலாம் என்று அக்கடிதம் கூறுகின்றது. செபம் இறைவனோடு உரையாடுதல் என்ற உண்மை மறைந்துவிடக்கூடாது என்பது அதன் நிபந்தனை. மேலும் ஒன்றை அது வலியுறுத்துகின்றது. சில உடற்பயிற்சிகள் தாமாகவே இதமான அமைதி உணர்வைத் தருகின்றன. அந்த இதத்தைத் தூய ஆவியார் அருளும் ஆறுதல் என்று எண்ணி மயங்கக்கூடாது. ஒழுக்க வாழ்வு சீர்கெட்டிருக்க, இதத்தை மட்டும் அனுபவித்து, உயர்ந்த ஆன்மீக நிலையை எய்திவிட்டதாகக் கருதுவது ஆபத்தானது.

யோக நூலின் வரிசை

வியப்புக்குரிய செய்தி யாதெனில், யோக நூலோர் தாமும் இதனையே கூறினர். பதஞ்சலி முனிவர் யோகத்தை எட்டு உறுப்புகளாக வகுத்தார். ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. முதலாவது இயமம். பிறருக்குத் தீங்கு செய்யாமை, வாய்மை, களவு செய்யாமை, புலனடக்கம், பொருளாசை கொண்டு சேர்த்து வைக்காமை ஆகிய ஐந்தும் அதனுள் அடங்கும். நமது திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விளக்கும்போது இயமத்தையும் நியமத்தையுமே முன்வைக்கின்றார். முதலில் அயலானோடு ஒழுங்காக நட. பின்னர் உட்கார்ந்து மூச்சை அடக்கு என்பதே அதன் வரிசை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு நல்லுறவு செய்துகொள் என்ற ஆண்டவரின் கட்டளை இங்கு நமக்கு நினைவுக்கு வரவில்லையா? சைவ அயலவரின் செல்வமாகிய யோகத்திலிருந்து ஆசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அறத்தை விட்டுவிடுவோமாயின், அவர்களுக்கும் நாம் மதிப்புக் கொடுத்தவர்களாக மாட்டோம்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவர் காலையில் அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சவாசனம் செய்கின்றார். "அப்பாவைக் குழப்பாதையுங்கோ" என்று பிள்ளைகளை அடக்கியவாறே, மனைவி சமைத்து, உடுப்புத் தோய்த்து, பாடசாலைக்கு அவர்களை அனுப்பிவிட்டுத் தானும் வேலைக்கு ஓடுகின்றாள். அவருடைய அமைதி அவளுடைய நெருக்கீட்டினால் வாங்கப்பட்டதன்றோ? வேலையாளின் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு மூச்சுப் பயிற்சியினால் நிம்மதியாக உறங்கும் முதலாளியின் மனச்சாட்சி குணமடையவில்லை. மயக்க மருந்துதான் ஏற்றப்பட்டிருக்கின்றது.

மறுபுறமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் சேமிப்பை இழந்தவருக்கும், நுண்கடன் தவணைக்காக வாரந்தோறும் வாசலில் ஆள் வந்து நிற்கும் தாய்க்கும், "மூச்சை ஆழமாக இழுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது இரக்கமாகாது. மூச்சுப் பயிற்சி அன்றிரவு அவளை உறங்கச் செய்யலாம், அதுவும் நன்றே. ஆனால், விடிந்ததும் கடன் அங்கேயே நிற்கும். அவளருகே நிற்கவேண்டியவர் நாமே.

ஆதலால் அன்பு வாசகர்களே, தயக்கமின்றிப் பாயை விரியுங்கள்; மூச்சை ஆறவிடுங்கள்; இயேசுவின் திருப்பெயரை அதனோடு இணைத்துக்கொள்ளுங்கள். மனம் ஆறியதும் எழுந்து ஓடிவிடாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் சுமக்கும் இச்சுமையில் உண்மையில் எனக்குரியது எவ்வளவு? பிறர் அநியாயமாக என்மேல் வைத்தது எவ்வளவு? நான் பிறர்மேல் இறக்கி வைத்தது எவ்வளவு? முதலாவதைப் பொறுமையோடு சுமப்போம். இரண்டாவதைப் பற்றி, அதை வைத்தவரிடமே அஞ்சாது பேசுவோம். மூன்றாவதை இன்றே திருப்பி எடுத்துக்கொள்வோம்.

அப்பம் உண்டு உறங்கி எழுந்த எலியாவை இறைவன் செடியின் நிழலிலேயே விட்டுவிடவில்லை. "இங்கே என்ன செய்கின்றாய்?" என்று கேட்டார். வந்த வழியே திரும்பிச் செல்லப் பணித்தார். அப்பணியில் அவருக்குத் துணையாக எலிசாவையும் கொடுத்தார். நமக்கு அருளப்படும் ஒவ்வொரு பத்து நிமிட அமைதிக்குப் பின்னும் அதே கேள்வி காத்திருக்கின்றது.