சிபாரிசும் சுயமரியாதையும்

“சிபாரிசு கேட்டு நிற்கச் சொல்கிறீர்களா, சார்? சுயமரியாதை என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே!”

சாட்டையடி போல விழுந்தது கேள்வி. கேட்டவள் என் பழைய மாணவி. நான் ஆசிரியத் தொழிலில் அடியெடுத்து வைத்த ஆண்டில் பத்தாம் வகுப்பில் இருந்தவள். இன்று கல்லூரியில் வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அசோக் நகரில், தூணிலிருந்து கூப்பிடு தொலைவில், மர நிழலில் நிற்கிறது அவள் தந்தையின் தேய்ப்பு வண்டி. கரிப்பெட்டியின் சூட்டிலே காய்த்துப்போன கைகள்தாம் அவளைக் கல்லூரி வாயில்வரை கொண்டு சேர்த்தவை.

கல்லூரி இப்போது பயிற்சிச் சான்று கேட்கிறது. ‘இன்டர்ன்ஷிப்’ என்று இளைஞர் வழங்கும் பயிற்சிப் பணியை ஏதேனும் ஓர் அலுவலகத்தில் இரண்டு திங்கள் செய்துவர வேண்டும். முப்பது இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். பதில்? ஒன்றுகூட இல்லை! அதே தெருவில், மாடி வீட்டில், அவளோடு ஒரே வகுப்பில் படிக்கும் இளைஞனுக்கோ ஒரே நாளில் இடம் கிடைத்தது. அவன் விண்ணப்பமும் எழுதவில்லை, வியர்வையும் சிந்தவில்லை; மாமா தொலைபேசியில் பேசினார், காரியம் முடிந்தது!

இதிலே வேதனையான வேடிக்கை ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் தந்தை யாருடைய சட்டையைத் தேய்த்து மடித்துத் தருகிறாரோ, அவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலே பெரிய அதிகாரி! அந்தச் சட்டை நாள்தோறும் அலுவலகத்துக்குப் போய் வருகிறது. தேய்த்தவரின் மகள் கணக்கியல் படிக்கிறாள் என்ற செய்தி மட்டும் ஒருநாளும் போனதில்லை. “அவரிடம் கேட்டுப் பாரேன், அம்மா” என்றேன். அதற்குக் கிடைத்ததுதான் அந்தச் சாட்டையடி.

தோழர்களே! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தால் பயன் பெறுபவர் யார்? அவளா? இல்லையே! அவள் கேட்காமல் விட்ட இடத்தில், கேட்க வேண்டிய தேவையே இல்லாத ஒருவன் போய் அமர்கிறான். சுயமரியாதை என்று நான் தந்த சொல், அவள் கையில் வாளாக இருப்பதற்குப் பதிலாக, அவள் வாய்க்கே பூட்டாகிவிட்டதே! இதுவா நாம் கற்பித்தது? இதுவா நாம் கருதியது?

சிபாரிசு நம் நாட்டுக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர்பதவி வேண்டிய ஆங்கிலேய இளைஞன், கம்பெனி இயக்குநர் ஒருவரின் தயவைத்தான் தேடினான். இயக்குநர் கைகாட்டினார், மருமகன் கப்பலேறினான்! 1853ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைப் பறித்தது. 1855இல் போட்டித் தேர்வு வந்தது. அந்தத் தேர்வும் இலண்டனில் மட்டுமே நடந்தது. இந்திய மண்ணில் அதை எழுத 1922வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேர்வு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் கதவு எல்லார்க்கும் திறந்துவிடாது என்பதற்கு இது சான்று.

நம் சென்னை மாகாணம் கண்ட வழி வேறு. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. 1924இல் பணியாளர் தேர்வுக்கு ஒரு வாரியம் கண்டது. 1929இல், வேறெந்த மாகாணத்துக்கும் முன்னதாக, சர்வீஸ் கமிஷன் இங்கே அமைந்தது. இவற்றின் உட்பொருள் என்ன? ‘உனக்கு யாரைத் தெரியும்?’ என்ற கேள்வி ஓயட்டும், ‘உனக்கு என்ன தெரியும்?’ என்ற கேள்வி எழட்டும் என்பதுதானே!

அரசுப் பணியிலே அடைபட்ட அந்தப் பழைய கேள்வி, இன்று தனியார் அலுவலகத்தின் பக்கவாயில் வழியே மீண்டும் நுழைகிறது. பயிற்சிப் பணிதான் அந்தப் பக்கவாயில். படிக்கும்போது அங்கே பழகியவனுக்கே பின்னாளில் வேலை எளிதாகிறது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர்க்கு உதவித்தொகை தரவேண்டும் என்கிறது. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும், பின்னர் வந்த திருத்தத்தின்படி பிற பிற்படுத்தப்பட்டோர்க்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு வெளியே, தனியார் தாமாகத் தரும் பயிற்சிப் பணிக்கு இந்தக் காப்புகள் இல்லை. விளம்பரம் இல்லை, விதி இல்லை, பல இடங்களில் ஊதியமும் இல்லை. வல்லரசின் வெள்ளை மாளிகையே தன் பயிற்சியாளர்க்கு ஊதியம் தரத் தொடங்கியது 2022இல்தான் என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? ஊதியமில்லாப் பயிற்சியை யாரால் ஏற்க இயலும்? இரண்டு திங்கள் பேருந்துச் செலவையும் பகலுணவையும் வீடு தாங்கும் என்ற நிலையில் உள்ளவனால்தான்!

அப்படியானால் சிபாரிசு என்பதையே வேரோடு ஒழித்துவிடலாமே என்பார் சிலர். எளிதில் கைதட்டல் பெறும் பேச்சு. சற்று எண்ணிப் பார்ப்போம். ஆயிரம் விண்ணப்பம் குவிந்த மேசையில், ‘இந்தப் பெண் பிழையின்றிக் கணக்கெழுதுவாள், மூன்று ஆண்டு கண்டிருக்கிறேன்’ என்று ஓர் ஆசிரியர் எழுதிய கடிதம் இருந்தால், அது குற்றமா? அது ஓர் அறிவு. விண்ணப்பத்தாள் சொல்ல முடியாததைச் சொல்லும் அறிவு. ஆகவே, சிபாரிசு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று சாட்சி; மற்றொன்று சலுகை. செய்த வேலையைக் கண்டவர் சொல்வது சாட்சி. பிறந்த வீட்டைக் கண்டவர் சொல்வது சலுகை. சாட்சி தகுதியைக் காட்டுகிறது. சலுகை தகுதியைக் கேட்பதே இல்லை.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட், 1795இல் எழுதிய ‘நிரந்தர அமைதி’ என்ற நூலில் ஓர் உரைகல்லைத் தந்தார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளிப்படையாக அறிவிக்க இயலாது என்றால், அந்தச் செயல் அநீதி என்றார். தூணருகே நின்று ஒலிபெருக்கியில் படிக்கலாமா அந்தச் சிபாரிசை? ‘இவள் வேலையை நான் கண்டிருக்கிறேன், சோதித்துப் பாருங்கள்’ என்பதைப் படிக்கலாம். ‘இவன் என் அக்காள் மகன், மற்றவர் விண்ணப்பத்தைப் பிரிக்காதீர்கள்’ என்பதைப் படிக்க எந்த மாமாவுக்குத் துணிவு வரும்?

இன்னொரு உண்மையையும் இளைஞர் அறிய வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர்க்கு உதவியவர், நாள்தோறும் பழகும் நெருங்கிய நண்பர் அல்லர். எப்போதோ ஒருமுறை காணும் அறிமுகக்காரரே என்று கண்டார். காரணம் எளிது. நெருங்கியவர் அறிந்ததை நாமும் அறிந்திருப்போம். தொலைவில் உள்ளவரே நாம் அறியாத உலகின் செய்தியைக் கொண்டுவருவார். நம் நாட்டிலோ அந்தத் தொலைவுக்குச் சாதி என்ற மதில் எழுப்பப்பட்டிருக்கிறது! 1000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை, அவற்றில் 100க்கு 93 பேர் உயர்சாதியினர் என்றது. அந்த வீடுகளிலே சாப்பாட்டு மேசையில் பேசப்படும் செய்தி, தேய்ப்பு வண்டிவரை எப்படி வரும்? நாமாகப் போய்க் கேட்டாலன்றி வராது!

கேட்பது இழிவு என்பது எங்கிருந்து வந்தது? வள்ளுவர் ‘இரவு’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அடுத்தே ‘இரவச்சம்’ என்றும் வைத்தார். கேட்கும் நிலை, கேட்க அஞ்சும் நிலை இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தவர் அவர். நம் தமிழிலோ ‘கேள்வி’ என்ற சொல் வினாவையும் குறிக்கும், செவி வழிப் பெறும் அறிவையும் குறிக்கும். கெஞ்சுதல் வேறு, கேட்டல் வேறு. கெஞ்சுபவன் தன் தகுதியை மறைத்துத் தன் தாழ்வைக் காட்டுகிறான். கேட்பவன் தன் தகுதியைக் காட்டி வழியை வினவுகிறான். ‘இல்லை’ என்ற பதிலையும் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்ள அவனால் முடியும். அந்த நிமிர்வுதான் சுயமரியாதை.

இதை அவளிடம் சொன்னேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தாள். பிறகு அவளே கடிதம் எழுதினாள். நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. தான் படித்தது, செய்தது, கற்க விரும்புவது, ‘உங்கள் நிறுவனத்தில் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது?’ என்ற வினா — இவ்வளவே. தேய்த்த சட்டையோடு அல்ல, தனியாக, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இடம் கிடைத்ததா? இல்லை, இவ்வாண்டு இடங்கள் நிரம்பிவிட்டன என்றார் அவர். ஆனால் அரைமணி நேரம் அமரவைத்துப் பேசினார். அடுத்த தேர்வு எந்தத் திங்களில், எந்தக் கணக்கு மென்பொருளைக் கற்றுவர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பட்டம் பெற்றபின் உதவித்தொகையோடு பழகுநராகச் சேர வழிகாட்டும் தென்மண்டல வாரியம் தரமணியிலேயே இருக்கிறது என்பதும் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. “நீ படிக்கிறாய் என்று உன் அப்பா சொல்லவே இல்லையே” என்று வியந்தாராம். ‘நீங்கள் கேட்கவில்லையே’ என்று அவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாளாம்!

மறுநாள் அவள் செய்ததுதான் என்னை மகிழ்வித்தது. கேட்டறிந்த அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, வகுப்புத் தோழியர் நால்வருக்குக் கொடுத்தாள். சலுகை பெற்றவன் வழியை மறைப்பான்; அவளோ அறிந்ததைப் பங்கிட்டாள்.

தோழர்களே, நமக்கும் கடமை உண்டு. பயிற்சிப் பணிக்கு அறிவிப்பு வேண்டும், ஊதியம் வேண்டும், எல்லார்க்கும் ஒரே சோதனை வேண்டும் என்று போராடுவோம். அதுவரை வாளாவிருக்க வேண்டாம். நம் படிப்பகங்களின் சுவரில் ஒரு பலகை மாட்டுவோம். எந்த அலுவலகத்தில், எப்போது, எப்படி இடம் என்பதை அறிந்தவர் எல்லாம் அதில் எழுதட்டும். அலுவலகம் ஏறிவிட்ட நம் அண்ணன்மாரும் அக்காமாரும், தேய்ப்பு வண்டியருகே நிற்கும்போது ஒரு கேள்வி கேட்கட்டும்: “ஐயா, உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது?”

கேட்க வேண்டியவர் கீழே நிற்பவர் மட்டுமல்லவே!