முழந்தாள் மடியாதார் வணக்கம்

வணங்குதலாவது உயிர் தன் சிறுமையை உணர்ந்து இறைவன் பெருமைக்கு முன்னே தாழ்ந்து நிற்றலாம். அத்தாழ்வு உள்ளத்திலே தோன்றி உடலிலே வெளிப்படும். ஆதலின், நம் முன்னோர் வணக்கத்திற்கு உடலுறுப்புக்களையும் வகுத்து வைத்தனர். யாழ்ப்பாணத்துச் சைவச் சிறார் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்த சைவ வினாவிடையிலே, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் (1822-1879) அவ்வகைகளைத் தெளிவுற எடுத்துக் காட்டியுள்ளார்கள். ஆடவர்க்குரிய அட்டாங்க நமஸ்காரத்திலே தலை, கையிரண்டு, செவியிரண்டு, மோவாய், புயமிரண்டு என்னும் எட்டும் நிலத்திலே பொருந்துதல் வேண்டும். பெண்டிர்க்குரிய பஞ்சாங்க நமஸ்காரத்திலே தலை, கையிரண்டு, முழந்தாளிரண்டு என்னும் ஐந்தும் பொருந்துதல் வேண்டும்.

இனி, முழந்தாள் நிலத்திலே பொருந்தாதாயின் வணக்கம் குறைவுபடுமோ என்பது ஒரு வினா. இஃது ஏட்டிலே மாத்திரம் எழும் வினாவன்று. தேய்ந்த மூட்டுக்குச் சத்திரசிகிச்சை செய்து செயற்கை முழந்தாள் பொருத்திக்கொண்ட முதியோர் இந்நாளிலே நம் குடாநாட்டிலும் பலருளர். மூட்டுத் தேய்வினால் வருந்துவோருள்ளும் பெண்டிரே மிகுதியானோர். பஞ்சாங்கத்திலே முழந்தாளிரண்டும் எண்ணப்படுதலின், இவ்வினாவினால் மிக வருந்துவோரும் அவரேயாவர்.

நாம் அறிந்த இருவர் செய்திகளை இங்கே கூறுதும். ஒரு மூதாட்டியார் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்திலே ஆண்டுதோறும் அடியழித்து வழிபட்டு வந்தவர். முழந்தாளிரண்டும் தேய்ந்து, ஈற்றிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டார். நோவு நீங்கிற்று, நடையும் சீர்ப்பட்டது. ஆயினும், அவர் கோயிலினுள்ளே புகுதலை விட்டு, வீதியிலே நின்று கைகூப்பி மீள்வாராயினர். காரணம் வினவியபோது, “தம்பி, எல்லாரும் விழுந்து கும்பிடும் இடத்திலே நான் மாத்திரம் மரம்போல நிற்பது எப்படி?” என்று சொல்லிக் கண்கலங்கினர். மற்றொருவர் ஓர் ஆடவர். வைத்தியர் பொறுக்கும்படி சொல்லியிருந்தும், புண் செவ்வையாக ஆறுமுன்னரே கருங்கற்றளத்திலே மும்முறை வீழ்ந்து வணங்கினர். எழ இயலாது இருவர் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. வீக்கத்தோடு மீண்டும் வைத்தியசாலையை நாடினர். முன்னவர் வெட்கத்தினாலே வணக்கத்தை இழந்தார். பின்னவர் வீறாப்பினாலே உடம்பை வருத்தினார். இருவரும் அன்புடையோரே. பிழை எங்கேயுள்ளது என ஆராய்வாம்.

முதற்கண், முழந்தாளிட இயலாது என்பது மெய்யோ என்று தெளிதல் வேண்டும். இச்சிகிச்சையைப் பற்றிப் பலர் கொண்டிருக்கும் எண்ணம் பிழையானது. முழந்தாள் முழுவதையும் வெட்டியெறிந்து இரும்பு வைப்பதில்லை. தொடையென்பின் கீழ்முனையிலும் கீழ்க்காலென்பின் மேன்முனையிலும் தேய்ந்த பரப்பை மெல்லியதாகச் செதுக்கி, அம்முனைகளுக்கு உலோகக் கவசம் இடுகின்றனர். அவ்வுலோகம் பெரும்பாலும் கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த கலவை, அல்லது தைத்தானியக் கலவை. இரண்டற்கும் நடுவே, தேய்ந்துபோன குருத்தெலும்புக்கு ஈடாக, வழுவழுப்பான பொலியெதிலீன் தகடு வைக்கப்படும். 1970ஆம் ஆண்டுகளிலே செவ்வைப்பட்ட இம்முறை இன்று உலகெங்கும் வழங்குகின்றது. நாவலரவர்கள் பிறந்த அதே 1822இல் அமெரிக்காவிலே பிறந்து, மானிப்பாயிலே இருந்து மாணாக்கர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த கிறீன் வைத்தியர் (1822-1884) காலத்திலே இவ்வாறான சிகிச்சை கனவிலும் எண்ணப்படாதது.

இவ்வாறு பொருத்திய முழந்தாள், மண்டியிட்ட மாத்திரத்தில் உடைந்துவிடும் பொருளன்று. புண் முற்றாக ஆறி, தசை வலுப்பெற்று, வைத்தியரும் இசைந்தபின், பலர் முழந்தாளிடலாம் என்பதே இக்காலத்து வைத்திய அறிவு. இயலாது என்று தாமே முடிவு செய்திருந்தோருள்ளும் பலர், முறையாகக் கற்பிக்கப்பட்டபின் முழந்தாளிட்டமை கண்டறியப்பட்டுள்ளது. அவர்களைத் தடுத்தவை பெரும்பாலும் மூன்று. ஒன்று, உள்ளே வைத்தது பழுதாகும் என்னும் அச்சம். மற்றொன்று, தழும்பின் புறத்தே உண்டாகும் மரத்த உணர்வு. சருமத்திற்குச் செல்லும் சிறு நரம்பு சத்திரசிகிச்சையில் அறுபடுதலினால் இது நேர்கின்றது. மரத்த இடம் நிலத்திலே படும்போது அயலான் காலை ஊன்றியதுபோலத் தோன்றும்; அஃது ஆபத்தின் அறிகுறியன்று. மூன்றாவது, அயலார் சொல். “இனி ஒருநாளும் முட்டுக்குத்தக் கூடாது” என்று அறியாதார் அஞ்சுவித்த சொல்லே மூதாட்டியாரையும் தடுத்தது. ஆயினும், கிருமி பற்றியோர், இரண்டாமுறை சிகிச்சை பெற்றோர், முழந்தாட்சில்லில் நோவுள்ளோர் முதலியோர்க்கு விலக்குண்டு. அவரவர்க்குச் சிகிச்சை செய்த வைத்தியர் சொல்லே அவரவர்க்குப் பிரமாணம்.

அளவும் அறிதல் வேண்டும். செயற்கை முழந்தாள் பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரையே மடங்கும். நிமிர்ந்து முழந்தாளிட ஏறத்தாழ 90 பாகை போதும். குதிகாலின்மேல் அமர்தற்கோ ஏறத்தாழ 150 பாகை வேண்டும். ஆதலின், முழந்தாளிடுதல் இயலும் பலர்க்கும் குதிகாலின்மேல் அமர்தல் இயலாது. பழகுவோர் முதலிலே மெத்தையின் மீதும், பின்னர் மடித்த பாயின் மீதும், அதன்பின் மணலின் மீதும் பழகுதல் நன்று. அருகே உறுதியான கதிரை ஒன்றை வைத்து, அதனைப் பற்றிக்கொண்டே இறங்குக. எழும்போது வலுவுள்ள காலை முன்னே ஊன்றி எழுக. இயன்மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறையேனும் இதனைக் கற்றல் உத்தமம். ஆடவர் அட்டாங்கத்தின் எட்டிலே முழந்தாள் எண்ணப்படவில்லையே எனின், வீழ்தற்கும் எழுதற்கும் அதுவே வாயிலாதலின் அவர்க்கும் இஃது ஒக்கும்.

இனி, உண்மையாகவே இயலாதவர் நிலை யாது? மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினாலும் வழிபடுக என்பது சைவநெறி. காயத்தில் ஓருறுப்புத் தளர்ந்தால் ஏனையவெல்லாம் தளர்ந்தனவாகா. கைகளைச் சிரமேற் குவித்து வணங்கும் வணக்கமும், தலையொன்றினையே தாழ்த்தும் வணக்கமும் நம் நூல்களில் வகுக்கப்பட்டனவே. அவை முழந்தாளை வேண்டுவனவல்ல. ஆகவே நின்று வணங்குவோர் நெறிக்குப் புறம்பானவரல்லர்.

பெரியபுராணத்தை நோக்குக. திருவாரூரிலே பிறவிக் குருடராயிருந்த தண்டியடிகள் திருக்குளத்தைத் தோண்டப் புகுந்தபோது, இரு முனையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே போய் மண்ணைச் சுமந்து கொட்டினார். கயிற்றைப் பற்றினமையால் அவர் தொண்டு சிறுமையுற்றதோ? ஏளனம் செய்தோர் அன்றும் இருந்தனர். அவர் தொண்டு நின்றிலது. முதியவர் பற்றும் கதிரையும் ஊன்றுகோலும் அக்கயிறு போல்வனவேயன்றோ? அவற்றைப் பற்றுதற்கு நாணுவோர் தண்டியடிகளை மறந்தவராவர்.

இங்கே ஒரு தடை எழும். “திருநாவுக்கரசு நாயனார் கைலைக்குச் செல்லுங்கால் பாதந் தேய்ந்தபின் கைகளாலும், அவை தேய்ந்தபின் மார்பினாலும் ஊர்ந்தாரன்றோ? பின் புரண்டும் சென்றாரன்றோ? மெய்யன்பர் உடம்பை நோக்குவரோ?” என்பர் சிலர். அச்சரிதத்தை ஈறுவரை ஓதுக. உடம்பு தேய்ந்தமையையே விலையாகக் கொண்டு இறைவர் காட்சி தந்திலர். முதலில் அவ்வுறுப்புக்கள் முன்போல் விளங்கும்படி அருளி எழச் செய்தார். பின்னரே, தடாகத்திலே மூழ்கித் திருவையாற்றிலே எழுந்து கைலைக் காட்சியைக் காணும்படி அருளினார். தொலைதூரத்திலே தேடியதை அண்மையிலே காட்டியருளிய அச்செயல், உடம்பை அழித்தலே அன்பின் அளவு என்பாரை மறுக்கின்றது. நாயனாரது ஆராமை வேறு. பிறர் காண வீழ்ந்து, புண்ணைத் திறந்துகொள்ளும் வீறாப்பு வேறு. பெற்ற உடம்பைப் பேணுதலும் தொண்டின் ஒரு பகுதியே.

மற்றொரு தடையும் உண்டு. மனவணக்கமே போதுமாயின், நல்ல முழந்தாள் உடையோர் வீழ்ந்து வணங்குவது எதற்கு? உள்ளத்திலே கோயிலெடுத்த திருநின்றவூர்ப் பூசலாரை எடுத்துக்காட்டித் தம் சோம்பலுக்குப் போர்வை தேடுவாரும் உளர். பூசலார் கல்லும் பொருளும் தேடிப் பெறாதபின்னரே உள்ளத்திலே கோயில் எடுத்தார், தேடாதிருந்து எடுத்தாரல்லர். உடலின் தாழ்வு உள்ளத்தின் தாழ்வைப் பழக்குவது. இயன்றவர் அதனைக் கைவிடின், உள்ளம் மெல்ல மெல்ல நிமிர்ந்துவிடும். ஆகவே இயலாமை வேறு, விரும்பாமை வேறு. இரண்டையும் பகுத்தறியத் தக்கவர் வைத்தியரும் அவரவர் மனச்சான்றுமேயன்றிப் பக்கத்தில் நிற்பவரல்லர். நின்று வணங்குபவர் ஒருவரைக் கண்டு, “செருக்கினால் நிற்கின்றார்” என எண்ணுவோர், அவருடைய ஆடைக்குள்ளே இருக்கும் தழும்பை அறியார்.

இவ்வினா நமக்கே உரியதுமன்று. நம் அயலவராகிய கத்தோலிக்கர் முழந்தாட்படியிட்டு வழிபடுகின்றனர். இஸ்லாமியர் நெற்றி நிலந்தோயத் தொழுகின்றனர். அவரும், இயலாத முதியோர் இருந்தவாறே வழிபடுதற்கு இடங்கொடுத்துளர். நம் ஆலயங்களிலும் தரிசனத்திற்கு வாய்ப்பான இடத்திலே சில கதிரைகள் இடப்படுதல் வேண்டும். அவை ஒரு மூலையிலே, தீபம் காணப்படாத தூண்மறைவிலே இடப்படுமாயின், இரக்கம்போலத் தோன்றும் புறக்கணிப்பாகும். இளைஞர் கைகொடுத்து எழுப்புதலும், வீட்டார் “உங்களால் ஆகாது” என்று முன்னரே தடுத்துவிடாது உடன் நின்று பழக்குதலும் வழிபாட்டைச் சார்ந்த கடமைகளேயாம்.

நாம் முன்னர்க் கூறிய மூதாட்டியார், தம் வைத்தியரை வினவி உத்தரவு பெற்று, சில மாதம் வீட்டிலே மெத்தையிலும் பாயிலும் பழகினர். இப்பொழுது கோயிலினுள்ளே செல்கின்றனர். நோவுள்ள நாளிலே கைகளைச் சிரமேற் குவித்து நிற்கின்றனர். நோவில்லாத நாளிலே வீதி மணலிலே மடித்த சீலையை இட்டு, மருமகள் கையைப் பற்றி, மெல்ல முழந்தாளிட்டு வணங்குகின்றனர். அடியழித்தலை விட்டுவிட்டனர், அதற்காக வருந்துதலையும் விட்டுவிட்டனர். “நிற்கிற நாளிலும் கும்பிட்டேன் என்ற நினைவோடுதான் தம்பி வீட்டுக்குப் போகிறேன்” என்று அண்மையிலே எம்மிடம் கூறினர்.

அன்பர்காள்! இயன்றவர் வீழ்ந்து வணங்குக. இயலாதவர் நின்றும் இருந்தும் வணங்குக. ஐயமுடையவர் வைத்தியரை வினவித் தெளிந்து வணங்குக. வெட்கத்தினால் எவரும் கோயில் வாயிலிலே நின்று மீளாதிருத்தற்குத் திருவருள் துணைநிற்பதாக.