திருப்புமுனையில் நின்றவன்

திருப்புமுனை என்ற சொல்லைப் போருக்குப் பின்னர் வந்தவர்களே எழுதுகின்றனர். 1942 ஒக்டோபர் 14ஆந் திகதி, ஸ்டாலின்கிராட் உழவியந்திரத் தொழிற்சாலையின் இடிபாடுகளுக்கிடையே மடிந்த செம்படை வீரனுக்கு அச்சொல் தெரியாது. முன்னே ஜேர்மன் டாங்கிகள், பின்னே வொல்கா நதி. அவன் அறிந்தவை இவையே. 1941இல் கீவ் நகரைக் காத்து மடிந்தவனும் அதே துணிவோடுதான் நின்றான். கீவ் வீழ்ந்தது, அவனுடைய சமருக்கு அப்பெயர் கிட்டவில்லை. அவ்வாறாயின், விளைவைக் கொண்டு செயலின் மதிப்பை அளத்தல் பொருந்துமா?

இது வெறுந் தருக்கமன்று. பாசிசத்தின் முதுகெலும்பை முறித்த சமர் என ஸ்டாலின்கிராட்டைப் போற்றும் நாமே முதலில் விடையிறுக்க வேண்டிய கேள்வி. ஏனெனில், அவ்வீரனுக்குப் பின்னே நதி மட்டும் இருக்கவில்லை. 1942 யூலை 28இல் ஸ்டாலின் பிறப்பித்த 227ஆம் இலக்கக் கட்டளையும் இருந்தது. ஓரடியேனும் பின்வாங்கலாகாது என்றது அது. தண்டனைப் படையணிகளும், பின்வாங்குவோரைத் தடுக்கவும் சுடவுமான தடுப்பணிகளும் அதன்படி அமைக்கப்பட்டன. படையினருக்கு அது வாசித்துக் காட்டப்பட்டது. அச்சில் வந்ததோ 1988இல்.

இதைக் காட்டி, அங்கே வீரம் இருக்கவில்லை, அச்சமே இருந்தது என்பார் உளர். எளிதான கூற்று, ஆனால் பொய். தடுப்பணியின் துப்பாக்கி ஒருவனை ஓடாமல் நிறுத்தலாம். குண்டுமாரிக்கிடையே இரவில் படகு செலுத்திக் காயப்பட்டோரை அக்கரை சேர்க்க அது கற்பிக்காது. வீரம் இருந்தமையால் கட்டளையும் நியாயமாயிற்று என்பாரும் உளர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தானாகவே நிற்கத் துணிந்தவனையும் நம்ப மறுத்த கட்டளை அது.

இன்னுமொன்று. ஷுக்கோவும் வசிலெவ்ஸ்கியும் வகுத்த திட்டப்படி நகருக்கு வடமேற்கிலும் தெற்கிலும் பெரும்படைகள் மறைவாகத் திரட்டப்பட்டன. நகருக்குள் நின்ற சூய்க்கோவின் 62ஆவது படைக்கோ, விழாமல் நிற்பதற்கு வேண்டிய அளவே உதவி சென்றது. நவம்பர் 19இல் எதிர்த்தாக்குதல் தொடங்கிற்று. 23இல் ஜேர்மன் ஆறாவது படை வளைக்கப்பட்டது. போர்க்கலையில் இது மேதைமை. ஆயினும், நகருக்குள் நின்ற சாதாரண வீரர் தாம் அறியாமலே பகைவனை ஈர்த்துவைக்கும் இரையாகவும் இருந்தனர். வேறு வழி இருந்ததென்று என்னாற் கூற முடியவில்லை. வழியின்மை கடனை அழித்துவிடுவதுமில்லை. சோவியத் தரப்பின் மீளா இழப்பு மட்டும் ஏறத்தாழ 4,78,000 பேர் என ஆவணங்கள் திறக்கப்பட்ட பின் கணக்கிடப்பட்டது. சரணடைந்த பகைவர் ஏறத்தாழ 91,000. அவர்களுள் நாடு திரும்பியோர் ஏறக்குறைய 6,000.

வசீலி குரோஸ்மன் அந்நகரில் போர்ச் செய்தியாளராக இருந்தவர். வீரத்தையும் கண்டார், அவ்வீரர்மீது செலுத்தப்பட்ட கொடுமையையும் கண்டார். இரண்டையும் ஒருங்கே எழுதிய 'வாழ்வும் விதியும்' நாவலின் கைப்பிரதி 1961இல் அரச பாதுகாப்புத் துறையினராற் பறிமுதல் செய்யப்பட்டது. 1964இல் அவர் காலமானார். 1967இல் மாமாயேவ் குன்றில் நினைவாலயம் திறக்கப்பட்டபோது, போர்க்காலத்தில் அவர் எழுதிய கட்டுரையொன்றின் வரிகள் அங்கே சுவரிற் பொறிக்கப்பட்டிருந்தன. எழுதியவர் பெயர் பொறிக்கப்படவில்லை.